துப்பாக்கிக்குப் பிடித்த தோட்டா

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடுவதற்கான பெரிய பருவம் ஆண்டுக்கு ஒன்பதே நாள். நவம்பரில் நன்றியறிதல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை அது தொடங்கும். அதற்கு முந்தைய வாரங்களில் ஊர்ப்புறத்துச் சுடுதளங்களில் இடம் பிடிப்பதே கஷ்டம். மேசைமேல் மணல் மூட்டை, மூட்டைமேல் ரைஃபிள், 100 கஜத்துக்கு அப்பால் ஒரு தாள், பக்கத்தில் நாலைந்து கம்பெனிகளின் தோட்டாப் பெட்டிகள். ஒரு பெட்டியிலிருந்து மூன்று சுட்டால் மூன்று துளைகளும் உரசிக்கொண்டு விழும். அடுத்த பெட்டி அதே விட்டம், அதே எடை, விலை மட்டும் இரண்டு மடங்கு; துளைகளோ உள்ளங்கை அகலத்துக்குச் சிதறிக் கிடக்கும். சுட்டவர் உதட்டைப் பிதுக்குவார்: "இதுக்கு இந்தத் தோட்டா பிடிக்கலை."

துப்பாக்கி என்பது இரும்பும் மரமும்தானே, அதற்கு ஏது பிடித்தமும் வெறுப்பும்? ஆனாலும் நூறாண்டுகளுக்கு மேலாக வேட்டைக்காரர்கள் இதைத்தான் சொல்லிவருகிறார்கள். முழுக்க மூடநம்பிக்கை என்று தள்ளவும் முடியாது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டதால், இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு யாரும் தோட்டா வாங்கக் கிளம்பப்போவதில்லை. எனக்கு இதில் உள்ள ஈர்ப்பு வேறு. உண்மையான காரணம் எது, தற்செயல் எது என்று பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பதை இவ்வளவு அப்பட்டமாகக் காட்டும் ஆய்வுக்கூடம் வேறொன்று கிடைப்பது அரிது. காகிதத்தில் துளை விழுகிறது. அளக்கலாம், எண்ணலாம். அப்படியிருந்தும் ஏமாந்துபோகிறோம்.

அளவுகோலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு கலை. 100 கஜத் தூரத்தில், அதாவது சுமார் 91 மீட்டரில், ஒரு கலை 1.047 அங்குலம் ஆகும். சுடுதளத்தில் ஓர் அங்குலம் என்றே வைத்துக்கொள்வார்கள். மூன்றோ ஐந்தோ சுட்டு, ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே அளந்தால் அந்தக் கொத்தின் அகலம் கிடைக்கும். 'ஓர் அங்குல ரைஃபிள்' வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வதில் அங்கே ஒரு பெருமை உண்டு. இந்த எண்ணுக்குள் ஒரு பொறி இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

குண்டுகள் ஏன் ஒரே துளையில் விழுவதில்லை என்ற கேள்வியைப் பைத்தியம் பிடித்ததுபோல் துரத்தியவர் ஃபிராங்க்ளின் மேன். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மில்ஃபர்டு ஊர்க்காரர். மருத்துவப் பட்டம் பெற்றவர். ஆனால் பணம் வந்தது கோழித்தீவனத்துக்காக எலும்பு நறுக்கும் இயந்திரம் செய்து விற்றதில். அந்தப் பணத்தைக் குண்டுகளில் கொட்டினார். தோள் நடுக்கம், கண் பிசகு, விசையை இழுக்கும் விரலின் குற்றம் ஆகிய எதுவும் குறுக்கே வரக்கூடாது என்று, தரையில் பெரிய கான்கிரீட் மேடை கட்டி அதன்மேல் வெறும் குழலைப் பொருத்திச் சுட்டார். அந்த மேடைக்கு 'ஜிப்ரால்டர்' என்று பெயர். குண்டு போகும் வழிநெடுகக் காகிதத் திரைகளைத் தொங்கவிட்டு, அது எந்த இடத்தில் எப்படிச் சாய்ந்து பறந்தது என்று ஒவ்வொரு துளையாகப் பார்த்தார். குண்டுகளை வேண்டுமென்றே சிதைத்துச் சுட்டார். மூக்கு நசுங்கிய குண்டு பெரிதாகத் தப்புவதில்லை. அடிப்பகுதியில் குறையிருந்தால்தான் எங்கோ போய்விடுகிறது. பல பத்தாண்டு உழைப்பை 1909இல் புத்தகமாக வெளியிட்டார்.

மேன் எழுப்பிய கேள்விகளில் ஒன்றை நாம் ஒரு வரிக் கணக்காகப் போட்டுவிடலாம். குழலுக்குள் வெட்டப்பட்ட சுருள் புரிகள் குண்டைச் சுழற்றுகின்றன. 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் அதை 1:10 முறுக்கு என்பார்கள். குண்டின் எடைமையம் அதன் நடு அச்சிலிருந்து அங்குலத்தில் 2000இல் ஒரு பங்கு விலகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 0.013 மில்லிமீட்டர், தலைமுடியின் பருமனில் ஐந்தில் ஒன்றுகூட வராது. குழலுக்குள் இருக்கும்வரை அந்த எடைமையம் அச்சைச் சுற்றிச் சுருளாக வரும். வாயை விட்டு வெளியே வந்த நொடியில் பிடி விட்டுப்போகிறது. அப்போது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமாகவே கிளம்பிவிடும். விலகலை 2π ஆல் பெருக்கி 10 ஆல் வகுத்தால் கோணம் கிடைக்கிறது: ஒரு கலைக்குச் சற்று அதிகம். 100 கஜத்தில் ஓர் அங்குலத்துக்கும் மேல் தப்பும். எந்தத் திசையில் என்பது, விலகல் குண்டின் எந்தப் பக்கம் இருந்தது என்பதைப் பொறுத்தது. அதை யாரும் பார்த்துத் தோட்டா போடுவதில்லை.

தாமிர உறை ஒரு பக்கம் கொஞ்சம் தடித்திருந்தால் போதும், இந்த விலகல் வந்துவிடும். குண்டு செய்யும் அச்சு எவ்வளவு கூர்மையானது என்பதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடு. கணக்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. 10 ஆல் வகுத்தோம். 12 ஆல் வகுத்திருந்தால் கோணம் குறையும். முறுக்கு தளர்ந்திருந்தால், குறையுள்ள குண்டும் அவ்வளவாகத் தப்பாது. அப்படியானால் முறுக்கைத் தளர்த்திக்கொண்டே போகலாமே என்று தோன்றும். 1955இல் ஒரு பெரிய கம்பெனி ஏறத்தாழ அப்படித்தான் முடிவெடுத்தது.

அந்த ஆண்டு அமெரிக்காவில் 6 மில்லிமீட்டர் விட்டத்தில் இரண்டு புதுத் தோட்டாக்கள் ஒரே நேரத்தில் கடைக்கு வந்தன. ஒன்று .243 வின்செஸ்டர்; .308 தோட்டாவின் கழுத்தை ஒடுக்கிச் செய்தது. மற்றொன்று .244 ரெமிங்டன், பழைய மௌசர் தோட்டாவின் வழிவந்தது, வெடிமருந்துக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் உள்ளது. பெயரில் வேறு எண் இருந்தாலும் இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றுதான். வேறுபட்டது குழலின் முறுக்கு. வாங்குகிறவர் மானையும் சுடுவார், மற்ற நாட்களில் வயலில் வளை தோண்டும் மர்மோட்டையும் சுடுவார் என்று வின்செஸ்டர் கணக்குப் போட்டு 1:10 வைத்தது. 80, 100 கிரெயின் குண்டுகளை விற்றது. ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். ரெமிங்டனோ மர்மோட் ஆட்களையே மனதில் வைத்து 1:12 வைத்தது. 75, 90 கிரெயின் குண்டுகள். சின்ன விலங்கைத் தூரத்திலிருந்து குறிவைக்கிறவருக்குத் துல்லியம்தான் எல்லாம். அதற்குத் தளர்ந்த முறுக்கு ஏற்றது. பொறியாளர்களின் தர்க்கத்தில் பிழையில்லை.

பிழை எங்கே வந்தது என்றால், .244 வாங்கிய வேட்டைக்காரர்கள் மானுக்கென்று 100 கிரெயின் குண்டைத் தேடிப்பிடித்துச் சுட்டுப் பார்த்தபோது. கொத்து என்ற பேச்சுக்கே இடமில்லாமல் சில ரைஃபிள்களில் குண்டுகள் தள்ளாடிப் போயின. தாளில் வட்டத் துளைக்குப் பதிலாக நீள்வாக்கில் ஒரு கிழிசல் விழுந்தால், குண்டு பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

காரணத்தை 1879லேயே ஆல்ஃபிரட் ஜார்ஜ் கிரீன்ஹில் எழுதிவைத்துவிட்டார். வூலிச்சில் பீரங்கிப் படை அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்தவர். கூர்முனைக் குண்டில் காற்றின் தள்ளுவிசை எடைமையத்துக்கு முன்னால் விழுகிறது. ஆகவே காற்று எப்போதும் அதைக் குப்புறக் கவிழ்க்கவே பார்க்கும். பம்பரம் சுழலும்வரை நிற்பதுபோல, குண்டையும் சுழற்சிதான் நிமிர்த்தி வைக்கிறது. நீளக் குண்டு சீக்கிரம் கவிழும், எனவே அதிகம் சுழல வேண்டும். கிரீன்ஹில்லின் விதி எளியது: குண்டின் விட்டத்தை இருமடிப் பெருக்கி, 150 ஆல் பெருக்கி, நீளத்தால் வகுத்தால் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும் என்று வந்துவிடும். வேகம் நொடிக்கு 2,800 அடியைத் தாண்டினால் 150க்குப் பதில் 180 போடுவது வழக்கம்.

போட்டுப் பார்ப்போம். விட்டம் .243 அங்குலம். 75 கிரெயின் குண்டு சுமார் .8 அங்குல நீளம். விடை 13க்குச் சற்று மேல். 1:12 குழல் தாராளமாகப் போதும். 100 கிரெயின் குண்டு சுமார் 1 அங்குலம். விடை பத்தரைக்குச் சற்று அதிகம். 1:10 குழல் தேறிவிடும், 1:12 தேறாது. கணக்கில் எடை எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்; தீர்மானிப்பது நீளம். பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிடுவது எடையை. நீளத்தை யாரும் அச்சிடுவதில்லை.

எல்லைக்கோட்டில் நிற்கும் குண்டுக்குத் தட்பவெப்பமும் பகையாகும். குளிர்காற்று அடர்த்தியானது, கவிழ்க்கும் விசை கூடும். அமெரிக்க ராணுவத்தின் எம்-16 முதலில் 1:14 முறுக்கோடு வந்தது. ஆர்க்டிக் குளிரில் குண்டு தள்ளாடியதால் 1:12 ஆக இறுக்கினார்கள். கோடையில் நல்ல கொத்து போட்ட .244, நவம்பர் பனியில் மனம் மாறிவிட்டதாக ஒருவர் புகார் சொன்னால் அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை.

ரெமிங்டன் பின்னால் முறுக்கை இறுக்கியது. 1963இல் அதே தோட்டாவுக்கு 6 மில்லிமீட்டர் ரெமிங்டன் என்று பெயர் மாற்றி, 1:9 குழலோடு விற்றது. தோட்டாவாகப் பார்த்தால் அது .243ஐவிட ஒரு படி மேல் என்பேன். சந்தை கேட்கவில்லை. .243 இன்றும் உலகெங்கும் எளிதில் கிடைக்கிறது. மற்றதைத் தேடித்தான் வாங்க வேண்டும். அரை கிராமுக்குச் சற்று அதிகமான எடை வித்தியாசம், இரண்டு அங்குல முறுக்கு. ஒரு நல்ல தோட்டாவின் தலையெழுத்து அதோடு முடிந்தது.

முறுக்கு பொருந்தாதது அப்பட்டமான தோல்வி, அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் சுடுதளத்தில் கேட்கும் புலம்பல்களில் பெரும்பாலானவை அவ்வளவு தெளிவானவையல்ல. முறுக்கு சரி, குண்டு நிலையாகத்தான் பறக்கிறது, ஆனாலும் ஒரு கம்பெனித் தோட்டா ஓர் அங்குலம், இன்னொன்று இரண்டரை.

ஒரு காரணம் இடைவெளி. அமெரிக்கத் தோட்டா, துப்பாக்கித் தயாரிப்பாளர்களின் தரநிர்ணய அமைப்பு 1926இல் உருவானது. எந்தக் கம்பெனித் தோட்டாவும் எந்தக் கம்பெனி ரைஃபிளிலும் பத்திரமாக நுழைய வேண்டும் என்பதால், தோட்டா அறைக்கு ஒரு குறைந்தபட்ச அளவும் தோட்டாவுக்கு ஓர் அதிகபட்ச அளவும் வைத்தார்கள். நடுவே எப்போதும் கொஞ்சம் தொளதொளப்பு இருக்கும். குண்டு பித்தளைக் கூட்டை விட்டுக் கிளம்பிப் புரிகளைக் கவ்வும் முன் ஒரு சிறு வெற்றுப் பாதையைக் கடக்கிறது. அதைக் குழலின் தொண்டை என்பார்கள். தொண்டை நீளமாகவோ தேய்ந்தோ இருந்தால், கூட்டில் லேசாகக் கோணிக்கொண்டு உட்கார்ந்திருந்த குண்டு கோணலாகவே புரியில் ஏறும். மேன் சொன்ன எடைமைய விலகல் அங்கேயே உருவாகிவிடுகிறது. குண்டின் தோள்பட்டை வளைவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே நீளத் தோட்டாவில்கூட ஒன்று புரியை முன்னதாகத் தொடும், ஒன்று தள்ளித் தொடும். தட்டையான கண்ணாடிமேல் தோட்டாவை உருட்டிவிட்டு அதன் முனையையே உற்றுப் பாருங்கள். நல்ல தோட்டாவின் முனை ஒரே இடத்தில் நின்று சுழலும். மட்டமானதன் முனை நெளியும். கருவி எதுவும் வேண்டாத சோதனை இது.

அடுத்தது அதிர்வு. சுடும்போது குழல் அடிபட்ட கம்பிபோல் அதிரும் என்பதை அர்னல்ஃப் மாலக் 1901இல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் எழுதினார். குண்டு குழலுக்குள் இருப்பது ஆயிரத்தில் ஒரு நொடி, கூடிப்போனால் ஒன்றரை. அதற்குள் எஃகில் ஓடும் அதிர்வு 24 அங்குலக் குழலின் இரு முனைகளுக்கிடையே நாலைந்து தடவை போய்வந்துவிடும். பின்னுதைப்பு குழலை நேராகப் பின்னே தள்ளுவதில்லை. தோளில் பதிந்த கட்டை குழலுக்குக் கீழே இருப்பதால் குழல்வாய் மேலே எழும்பப் பார்க்கும். குண்டு வெளியேறும் கணத்தில் வாய் எந்தப் பக்கம் நோக்கி நகர்கிறது என்பதே கேள்வி.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை விலக்க வேண்டும். தோட்டாவுக்குத் தோட்டா வேகம் மாறுவதால்தான் மேலும் கீழும் விழுகிறது என்று பலர் நினைப்பார்கள். 100 கஜத்தில் அது பொருந்தாது. நொடிக்கு 2,800 அடி வேகத்தில் 50 அடி கூடினாலும் குறைந்தாலும் குண்டு விழும் உயரம் இரண்டு மில்லிமீட்டர்தான் மாறும். பெரிய வித்தியாசம் தெரிகிறதென்றால், வேகம் மாறியதால் குண்டு முன்னே பின்னே வெளியேறி, குழல்வாய் வேறு கோணத்தில் இருந்தபோது கிளம்பியிருக்கிறது என்பதே பொருத்தமான விளக்கம். இது சில நேரம் நன்மையாகவும் முடியும். பிரிட்டிஷாரின் லீ-என்ஃபீல்டு ரைஃபிளில் பூட்டும் காதுகள் பின்பக்கம் இருப்பதால் அமைப்பு சற்று நெகிழும். மெதுவாக வரும் குண்டு வெளியேறும்போது குழல்வாய் கொஞ்சம் கூடுதலாக எழும்பியிருக்கும். அதனால் மெதுவான குண்டு சற்று மேல்நோக்கிக் கிளம்பி, தூரத்தில் வேகமானதோடு சேர்ந்துவிழும். கிட்டத்தில் சுமாராகச் சுடும் அந்தப் பழைய துப்பாக்கி 1,000 கஜத்தில் கம்பீரமாகச் சுட்டதன் ரகசியம் அதுதான்.

1990களில் பிரவுனிங் கம்பெனி இதையே வியாபாரமாக்கியது. குழல்வாயில் திருகாணிபோல் ஏற்றி இறக்கும் ஓர் எடை. 'பாஸ்' என்று அதற்குப் பெயர். துப்பாக்கிக்கேற்ற தோட்டாவைத் தேடி அலைய வேண்டாம், இருக்கிற தோட்டாவுக்கேற்ப அதிர்வைத் திருப்பிவைத்துக்கொள் என்பது யோசனை. யோசனை அழகானது. அதிலிருந்த துளைகளால் சத்தம் காதைப் பிளந்தது. துளையில்லாத வகையையும் பின்னால் கொண்டுவர வேண்டியிருந்தது.

அதிர்வு என்றதும் மரக்கட்டையைப் பார்க்காமல் விடக்கூடாது. பிடிவாதக்கார ரைஃபிள் என்று பெயரெடுத்தவற்றில் பாதிக்குக் குற்றவாளி கட்டைதான் என்பது என் எண்ணம். மரம் ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். குழலின் ஒரு பக்கத்தை மட்டும் அது அழுத்திக்கொண்டிருந்தால், குழல் சூடாகச் சூடாக ஒவ்வொரு குண்டும் ஒரு திசையில் நகரும். ஒரு டாலர் தாளைக் குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே செருகிப் பின்னோக்கி இழுத்துப் பார்ப்பார்கள். தங்குதடையின்றி அறைவரை போனால் குழல் தனித்து நிற்கிறது, நடுவில் மாட்டினால் அங்கே கட்டை தொடுகிறது. 1960களின் பிற்பகுதியில் வந்த ரூகர் நம்பர் 1, ஒரே தோட்டா போடும் அழகான ரைஃபிள், இந்த விஷயத்தில் பேர்போனது. அதன் முன்கட்டை, குழலுக்கடியில் நீளும் ஓர் இரும்புத் தாங்கியில் திருகப்பட்டிருக்கும். திருகாணியைக் கால் சுற்று இறுக்கினால் கொத்து இடம் மாறும். இதைச் சரிபார்க்காமல் பெட்டி பெட்டியாகத் தோட்டா வாங்குவது, நோய் ஓரிடத்தில் இருக்க மருந்தை வேறிடத்தில் தடவும் வேலை.

சரி, முறுக்கு பொருந்துகிறது, கட்டை தொடவில்லை, திருகாணிகள் இறுக்கம். இப்போது ஆறு பெட்டி வாங்கி ஒவ்வொன்றிலும் மூன்று சுடுகிறோம். முன்பு சொன்ன பொறி இங்கேதான் இருக்கிறது.

ஆறு பெட்டியும் அந்த ரைஃபிளில் உண்மையில் ஒரே தரம் என்று வைத்துக்கொள்வோம், இம்மியும் வித்தியாசமில்லை. மூன்று துளைக் கொத்தின் சராசரி அகலம் ஒன்றரை அங்குலம். ஆனால் ஒவ்வொரு கொத்தும் சராசரியில் விழாது; மூன்று துளைக் கொத்துகள் தற்செயலாகவே சராசரியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறி இறங்கும். ஆறு கொத்தில் மிகச் சிறியது முக்கால் அங்குலத்தை ஒட்டியும், மிகப் பெரியது இரண்டு அங்குலத்தைத் தாண்டியும் வருவது சர்வசாதாரணம். சுட்டவர் என்ன செய்வார்? முக்கால் அங்குலத்தைக் கைப்பேசியில் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார், இரண்டு அங்குலப் பெட்டியை மச்சானுக்குக் கொடுத்துவிடுவார். ரைஃபிளின் 'விருப்பம்' அன்றைக்கு நிலைநாட்டப்பட்டுவிடும். அடுத்த வாரம் அதே பெட்டி ஒன்றரை அங்குலம் சுட்டால், காற்று, வெயில், காலையில் குடித்த காபி என்று ஏதாவது ஒன்றின்மேல் பழி விழும்.

கொத்தின் அகலத்தில் இன்னொரு வில்லங்கம், அது எத்தனை சுட்டோம் என்பதைப் பொறுத்து வளரும். துளைகள் வழக்கமான மணிவளைவுப்படி சிதறினால், மூன்று சுட்டு ஓர் அங்குலம் வரும் துப்பாக்கி ஐந்து சுட்டால் சராசரியாக 1.27 அங்குலமும், பத்து சுட்டால் 1.58 அங்குலமும் காட்டும். துப்பாக்கி கெட்டுப்போகவில்லை, அதன் உண்மையான சிதறல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. 'மூன்று குண்டில் ஓர் அங்குலம், உத்தரவாதம்' என்று விளம்பரம் செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். பத்துக்கு உத்தரவாதம் தர யாரும் முந்திக்கொண்டு வருவதில்லை.

ஆனால் இதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். கொத்து வளருமே தவிரச் சுருங்காது. முதல் மூன்றே குண்டில் மூன்று அங்குலம் சிதறிய தோட்டாவை எத்தனை சுட்டாலும் அந்த மூன்று அங்குலம் குறையப்போவதில்லை. ஆகவே மோசமான மூன்றை நம்பலாம்; அருமையான மூன்றை நம்பக்கூடாது. முதல் சுற்றில் கழிப்பது மட்டும்தான் வேலை. மிஞ்சிய இரண்டு வகையில் பத்துப் பத்தாகச் சுட வேண்டும். ஒரே மூச்சில் வேண்டாம், குழல் ஆறவிட்டு, வேறு வேறு நாளில், ஒரே குறிப்புள்ளியை வைத்துச் சுட்டுத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கலாம். தள்ளிப்போன இரண்டு துளைகளை மட்டும் அளந்து மற்ற எட்டையும் வீணாக்காமல், கொத்தின் நடுவிலிருந்து ஒவ்வொரு துளைக்கும் உள்ள தூரத்தின் சராசரியை எடுப்பது இன்னும் நம்பகமானது. இவ்வளவு செய்தபின்னும் இரண்டு வகைக்கும் இடையே 20 விழுக்காட்டுக்குக் குறைவான வித்தியாசம் வந்தால் மலிவானதை வாங்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

இப்படிச் சோதிக்கும்போது சில சில்லறை விஷயங்களும் குறுக்கே வரும். நன்றாகத் துடைத்த குழலில் முதல் ஓரிரு குண்டுகள் தனியாகப் போய் விழலாம். புரிகளில் தாமிரமும் கரியும் லேசாகப் படிந்தபின்தான் குழல் நிலைக்கு வரும். ஒவ்வொரு கம்பெனியின் உறையும் வேறு கலவை என்பதால், வகை மாற்றியதும் சுடும் முதல் மூன்றை அந்த வகையின் தலையில் கட்டக்கூடாது. மெல்லிய வேட்டைக் குழல் ஐந்தாவது குண்டுக்கே கொதிக்கும். வேட்டையில் இதெல்லாம் வராது. அங்கே விடியற்காலைக் குளிரில் ஆறிக்கிடந்த குழலிலிருந்து போகும் முதல் குண்டுதான் எல்லாம். அதைத் தனியாக ஒரு தாளில் நாளுக்கு ஒன்றாகச் சேகரிப்பவரே விவரமானவர் என்பேன்.

பெட்டியின் ஓரத்தில் முத்திரையிட்டிருக்கும் தொகுதி எண்ணும் முக்கியம். கம்பெனிகள் வெடிமருந்தை மொத்தமாக வாங்கி, வந்த சரக்கின் வேகத்தைப் பொறுத்து ஒவ்வொரு தொகுதிக்கும் அளவைத் திருத்திப் போடுகின்றன. அட்டையில் பெயரும் படமும் மாறாது, உள்ளே சரக்கு மாறியிருக்கும். போட்டியாளர்கள் இதை வேட்டைக்காரர்களைவிட நன்றாக அறிவார்கள். ஒலிம்பிக்கில் .22 ரைஃபிள் சுடுகிறவர்களுக்காக இங்கிலாந்தின் ஈலி, பின்லாந்தின் லாப்புவா ஆகிய தோட்டாக் கம்பெனிகள் சோதனைக் கூடங்களே நடத்துகின்றன. வீரர் தம் ரைஃபிளைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதை இடுக்கியில் பூட்டித் தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்து, எது ஒத்துவருகிறதோ அந்தத் தொகுதியையே மொத்தமாக வாங்கிக்கொண்டு வரலாம். துப்பாக்கிக்குப் பிடித்த தோட்டா என்பதற்கு உறுதியான சான்று வேண்டுமென்றால் அங்கே கிடைக்கும். ஏனென்றால் அங்கே யாரும் மூன்றோடு நிறுத்துவதில்லை.

மானைச் சுடுவதற்கு இவ்வளவு தேவையா என்றால், இல்லை. மானின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் 20 சென்டிமீட்டர் அகலம். 200 மீட்டரில் இரண்டு கலை என்பது 12 சென்டிமீட்டர்கூட இல்லை. 'மோசமான' இரண்டு அங்குல ரைஃபிளும் அந்தத் தூரம்வரை அதன் கடமையைச் செய்துவிடும். நடுங்கும் கையும், தப்பாகக் கணித்த தூரமும்தான் விலங்கைக் காயத்தோடு ஓடவிடுகின்றன. அரை அங்குலக் கனவுக்காக மேசையில் எரிக்கும் தோட்டாக்களில் பாதியை நின்றபடியும் மண்டியிட்டபடியும் சுட்டுப் பழகினால் மானுக்கும் நல்லது.

இருந்தாலும் இந்தத் தேடலை இன்று பல வேட்டைக்காரர்கள் புதிதாகத் தொடங்கவேண்டிய கட்டாயம் வந்திருக்கிறது. காரணம் ஒரு கழுகு. கலிஃபோர்னியக் காண்டோர் என்னும் பிணந்தின்னிப் பறவை 1982இல் 22 மட்டுமே மிஞ்சியிருந்தது. வேட்டைக்காரர்கள் காட்டில் விட்டுச்செல்லும் குடலிலும் இறைச்சியிலும் ஈயக் குண்டின் துணுக்குகள் இருக்கும். அவற்றைத் தின்று அவை ஈய நஞ்சேறிச் செத்தன. படிப்படியாக இறுகிய சட்டம், 2019 ஜூலை முதல் கலிஃபோர்னியா முழுவதும் வேட்டையில் ஈயக் குண்டைத் தடைசெய்தது. டென்மார்க்கில் 2024 ஏப்ரல் முதல் ரைஃபிள் தோட்டாவிலும் ஈயம் கூடாது. பதிலுக்கு வந்தது முழுத் தாமிரக் குண்டு.

தாமிரம் ஈயத்தைவிட இலேசு. கன சென்டிமீட்டருக்கு ஈயம் 11.3 கிராம், தாமிரம் 9 கிராமுக்குக் கீழே. விட்டம் மாறாமல் அதே எடை வேண்டுமென்றால் குண்டு நீண்டாக வேண்டும். உறையோடு கூடிய சாதாரண ஈயக் குண்டோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. குழி விழுந்த முனையும் பிளாஸ்டிக் மூக்கும் சேர்ந்தால் இன்னும் கூடும். அரை நூற்றாண்டாக 100 கிரெயின் ஈயக் குண்டை அற்புதமாகச் சுட்டுவந்த 1:10 முறுக்கு .243 ரைஃபிளில் அதே எடைத் தாமிரக் குண்டைப் போட்டால், கிரீன்ஹில் கணக்கு கைவிரித்துவிடும். கடைக்காரர் பெட்டியைத் திருப்பிக் காட்டுவார். சில கம்பெனிகள் இப்போது தேவையான முறுக்கை அட்டையிலேயே அச்சிடுகின்றன.

தன் ரைஃபிளின் முறுக்கு என்னவென்று தெரியாதவர் வீட்டிலேயே அளந்துகொள்ளலாம். குழல் துடைக்கும் கம்பியின் நுனியில் இறுக்கமாகத் துணியைச் சுற்றி, குழலுக்குள் கொஞ்ச தூரம் தள்ள வேண்டும். கைப்பிடி தானே சுழலும் வகைக் கம்பியாக இருப்பது அவசியம். குழல்வாயை ஒட்டிக் கம்பிமேல் மேல்பக்கமாகப் பேனாவால் ஒரு கோடு, மெல்ல உள்ளே தள்ளல். கோடு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி மேலே வரும்போது கம்பி எத்தனை அங்குலம் நகர்ந்திருக்கிறதோ அதுதான் முறுக்கு. இரண்டு மூன்று தடவை அளந்து சராசரி எடுப்பது நல்லது, துணி வழுக்கும். 10 என்று வந்தால், .243 காரர் 100 கிரெயினை மறந்துவிட்டு 80 அல்லது 85 கிரெயின் தாமிரக் குண்டில் தொடங்கலாம். எந்தக் கம்பெனியுடையது என்பதை மூன்று மூன்றாகச் சுட்டுக் கழித்துக்கொள்ளட்டும்.